டெக்சஸில் மான் வேட்டைக்கு 1,000 டாலருக்குள் துல்லியமான ரைபிள்: எதை எடுக்கலாம்?

லேனோ_லீஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்டினில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஹண்டர் எஜுகேஷன் முடித்தாயிற்று. நான் வேட்டை லைசென்ஸும் எடுத்துவிட்டேன். நவம்பர் சீசனுக்கு லேனோ கவுண்டியில் ஒரு பண்ணையில் வேட்டைக்கு லீஸ் (குத்தகை). வெண்வால் மான்தான் முக்கியம், காட்டுப்பன்றி வந்தால் அதுவும். பாக்ஸ் பிளைண்டிலிருந்து (மறைந்து உட்காரும் பெட்டிக் குடில்) ஃபீடர் (தீவனம் போடும் கருவி) 110 கெஜம். ஓடைக்கரை வரை பார்த்தால் அதிகபட்சம் 220 கெஜம்.

பட்ஜெட் ரைபிள், ஸ்கோப், மவுண்ட் எல்லாம் சேர்த்து 1,000 டாலர். தோட்டாவுக்குத் தனியாக வைத்திருக்கிறோம். ஒரே துப்பாக்கியை இருவரும் சுட வேண்டும். நான் 5 அடி 10, மனைவி 5 அடி 2. இதுவரை இருவருக்கும் .22 மட்டும்தான் பழக்கம். விசா எச்-1பி, எச்-4.

கடைக்காரர் 7 மிமீ ரெமிங்டன் மேக்னத்தில் ஸ்கோப்போடு வரும் செட் ஒன்றைக் காட்டி, "எல்க் (பெரிய மான் இனம்) வரைக்கும் இதுவே போதும், இன்னொன்று வாங்க வேண்டியிருக்காது" என்கிறார். நான் பார்த்து வைத்திருப்பது சாவேஜ் ஆக்சிஸ் 2, ரூகர் அமெரிக்கன், டிக்கா டி3எக்ஸ் லைட். டிக்காவுக்கு 1 எம்ஓஏ (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பதற்கான கோண அளவு) உத்தரவாதம் என்று போட்டிருக்கிறது. மற்ற இரண்டும் அந்தத் துல்லியத்துக்கு வருமா? எந்தக் கேலிபர் எடுப்பது?

---

போல்ட்_ஆக்‌ஷன்

7 மிமீ மேக்னம் வேண்டவே வேண்டாம். 110 கெஜத்தில் நிற்கும் ஹில் கன்ட்ரி (லேனோ இருக்கும் மலைப்பகுதி) மானுக்கு அவ்வளவு மருந்து எரிக்கத் தேவையே இல்லை. ஸ்கோப்போடு ஏழரை பவுண்டு எடையுள்ள துப்பாக்கிக்குக் கணக்குப் போட்டால் பின்னுதை ஏறக்குறைய இப்படி வரும்: .243 வின்செஸ்டர் 10 அடி-பவுண்டு, 6.5 கிரீட்மோர் 14, 7 மிமீ-08 15, .308 வின்செஸ்டர் 17, 7 மிமீ மேக்னம் 24-25. .22இலிருந்து நேராக இருபத்தைந்துக்குப் போனால் ட்ரிகரில் விரல் வைத்ததுமே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டால் போக்குவது பெரும்பாடு. எல்க் வேட்டைக்குப் போகும் காலம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் இருவருக்கும் பொருந்துவது 6.5 கிரீட்மோர் அல்லது 7 மிமீ-08. இரண்டுக்கும் மான் மேல் ஒரே வேலைதான். பெட்டிக்கடை அளவு ஊரிலும் தோட்டா கிடைக்கும் என்பதால் நான் 6.5 பக்கம். 7 மிமீ-08 நல்ல தோட்டா, ஆனால் சீசன் நடுவில் அலமாரி காலியாக இருக்கும். .243 பின்னுதையில் இன்னும் மென்மை, மானுக்குப் போதும். பெரிய கடுவன் பன்றிக்கு மட்டும் குண்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் தயவு காட்டாது.

இனி ரைபிள். இன்றைக்கு 500 டாலர் துப்பாக்கி ஏன் இவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபம். சாவேஜில் பேரலை ஒரு நட்டு இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் தோட்டா அறையின் ஆழத்தை கேஜ் வைத்துச் சரியாக நிறுத்தி அப்படியே பூட்டிவிடுகிறார்கள், கைவேலை மிச்சம். போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் உருளை) தலையும் லேசாக அசையும்படி இருப்பதால் அதைப் பூட்டும் இரண்டு பற்களும் (லக்) சமமாகப் போய் உட்காரும். ரூகர் அமெரிக்கனில் பிளாஸ்டிக் ஸ்டாக்குக்குள் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) V வடிவ எஃகுக் கட்டைகள் இரண்டு பதித்திருக்கிறார்கள். ரிசீவர் (போல்ட் ஓடும் உடல் பகுதி) அவற்றின் மேல்தான் உட்காருகிறது, ஒவ்வொரு குண்டுக்கும் அதே இடத்துக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு வேலையையும் முன்பெல்லாம் துப்பாக்கி மிஸ்திரியிடம் தனிக்கூலி கொடுத்துத்தான் செய்துகொள்வார்கள்.

ஆக்சிஸில் பலவீனம் ஸ்டாக்தான். முன்கட்டை மெல்லியது. முன்பக்க நுனியை மணல் மூட்டையில் வைத்து அழுத்தினால் வளைந்து பேரலைத் தொடும், குண்டு இடம் மாறும். போல்ட் தூக்குவதும் புதிதில் கனமாக இருக்கும். எடுத்தால் நடுவில் சின்னத் தகடு உள்ள அக்யூட்ரிகர் மாடலையே எடுங்கள். அது இல்லாத பழைய ஆக்சிஸ் ட்ரிகர் கனமானது, இழுப்பில் துப்பாக்கியே நகரும்.

ரூகரில் போல்ட்டுக்கு மூன்று லக், 70 பாகைதான் தூக்க வேண்டும். கை ஸ்கோப்பில் இடிக்காது. ட்ரிகரை 3 முதல் 5 பவுண்டு வரை நீங்களே திருகி வைத்துக்கொள்ளலாம். 2023 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறையில் ஸ்டாக் கெட்டி. சேஃப்டியும் மூன்று நிலை: நடு நிலையில் சேஃப்டி போட்டபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். பிளைண்டில் ஏறி இறங்கும்போது இது பெரிய நிம்மதி.

மூன்றில் சிறந்த வேலைப்பாடு டிக்காதான், அதில் சந்தேகமில்லை. போல்ட் எண்ணெய் வழிவதுபோல் ஓடும், ட்ரிகர் 2 பவுண்டு வரை இறங்கும். ஆனால் ரைபிளுக்கே 700-850 டாலர் போய்விட்டால் ஸ்கோப்புக்கும் மவுண்ட்டுக்கும் என்ன மிஞ்சும்? 80 டாலர் ஸ்கோப் மாட்டிய டிக்காவைவிட 250 டாலர் ஸ்கோப் மாட்டிய ரூகர் அதிக மானைத் தரும்.

ஸ்டாக் நீளத்தை முக்கியமாகப் பாருங்கள். சாதாரண ஸ்டாக்கில் ட்ரிகரிலிருந்து பின்முனை வரை 13¾ அங்குலம். 5 அடி 2 உயரத்துக்கு இது நீளம். கழுத்தை நீட்டி, இடுப்பைப் பின்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டிவரும், பின்னுதையும் தோளில் தப்பான இடத்தில் விழும். ரூகர் அமெரிக்கன் காம்பாக்டில் அது 12½. குட்டையான ஸ்டாக்கை உயரமானவர் சமாளிக்கலாம், குளிர்கால ஜாக்கெட் போட்டால் இன்னும் வசதி. நீளமான ஸ்டாக்கைக் குட்டையானவர் சமாளிக்க முடியாது. ஆகவே உங்கள் மனைவியின் அளவுக்கு வாங்குங்கள். நடுவில் ஸ்பேசர் வைத்து நீட்டிக் குறைக்கும் ஸ்டாக் மாஸ்பெர்க் பேட்ரியட் பேண்டம் வகையில் கிடைக்கிறது. அதையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

---

படிவம்_4473

ரைபிள் பேச்சுக்கு முன் விசா விஷயம். எச்-1பி, எச்-4 இரண்டும் குடியேற்றம் அல்லாத விசா. கூட்டரசுச் சட்டப்படி இந்த விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விலக்கு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இதிலிருந்து வரும் நடைமுறைச் சிக்கல்களைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் லைசென்ஸ் உங்கள் மனைவிக்குச் செல்லாது. அவர் துப்பாக்கியைத் தொட, ரேஞ்சில் ஒரு தோட்டா சுட, அவர் பெயரிலேயே தனி லைசென்ஸ் வேண்டும். "நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கி வாங்கும் முன் அவருக்கும் எடுத்துவிடுங்கள்.

டெக்சஸ் லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். மான் சீசன் ஜனவரியில் முடிந்ததும் மறந்துபோய் செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்காமல் இருந்தால், அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியே சட்டப்படி குற்றமாகிவிடும். மீன்பிடி லைசென்ஸ் இதற்குக் கணக்கில் வராது.

இன்னொன்று. 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் தேவையில்லை. அது மாநில விதி. உங்களுக்கு லைசென்ஸ் வேண்டியிருப்பது பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்காக. "பன்றிக்குத்தானே, லைசென்ஸ் வேண்டாம்" என்று நண்பர்கள் சொன்னால் கேட்காதீர்கள். ஆயுதக் குற்றம் குடியேற்றச் சட்டத்தில் நாடுகடத்தக் காரணமாகும்.

கடைக்குப் போகும்போது தற்போதைய முகவரி உள்ள டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) அச்சுப்பிரதி, வேட்டை லைசென்ஸ் நான்கையும் கொண்டுபோங்கள். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தில் ஐ-94 எண்ணையோ ஏலியன் எண்ணையோ எழுத வேண்டும். விலக்கு பற்றிய கேள்வியை நிதானமாகப் படித்து நிரப்புங்கள். பின்னணிச் சோதனை நம்மவர்களுக்குப் பெரும்பாலும் உடனே முடியாது. "டிலே" என்று வந்தால் அது மறுப்பு அல்ல, சில நாள் காத்திருந்தால் போதும். குடியிருப்பாளர் கட்டண லைசென்ஸுக்கு டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பத்துக்குண்டு

1 எம்ஓஏ உத்தரவாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 100 கெஜத்தில் 1 எம்ஓஏ என்பது 1.047 அங்குலம். டிக்காவின் உத்தரவாதம் மூன்று குண்டு குரூப்புக்கு. அந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்று குண்டு குரூப் சராசரியாக 1 அங்குலம் வரும் துப்பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஐந்து குண்டு சுட்டால் சராசரி 1.27 அங்குலம். பத்து குண்டு சுட்டால் 1.6. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. மூன்று குண்டு சிதறலின் முழு அளவைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். மூன்று குண்டு அரை அங்குலத்தில் விழுந்த அட்டையைப் படமெடுத்துப் போடுகிறவர்கள், ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்த அடுத்த அட்டையைப் போடுவதில்லை. ஆக்சிஸ், அமெரிக்கன், டிக்கா மூன்றையும் பத்துக் குண்டில் ஒப்பிட்டால் வித்தியாசம் விலையில் உள்ள அளவுக்கு இருக்காது. பெரும்பாலும் ஒன்றரை எம்ஓஏ பக்கத்தில் எல்லாம் வந்து நிற்கும்.

அது போதுமா என்றால், தாராளமாகப் போதும். மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 8 அங்குல வட்டம். பத்துக் குண்டு 1.6 எம்ஓஏ துப்பாக்கி 220 கெஜத்தில் 3.7 அங்குலத்துக்குள் போடும். நடுவிலிருந்து பார்த்தால் இரண்டு அங்குலம்கூட விலகாது. வட்டத்துக்குள் இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம். அந்த இரண்டு அங்குலத்தைச் சாப்பிடுவது படபடப்பு, சாய்மானம் சரியில்லாத கை, தவறான தூரக் கணிப்பு. கூடுதலாக 300 டாலர் கொடுத்து அரை எம்ஓஏ வாங்குவதைவிட அதே பணத்துக்கு பத்துப் பன்னிரண்டு பெட்டி தோட்டா வாங்கிச் சுடுவது மேல்.

ஸ்கோப்புக்கு 200-300 டாலர் ஒதுக்குங்கள். லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட், வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 ஆகியவற்றில் 3-9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மிமீ கண்ணாடி) ஒன்று போதும். டெக்சஸில் மானுக்குச் சட்டப்படியான நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின் வரை. மான் வெளியே வருவதும் அந்த விளிம்பு நேரத்தில்தான். அப்போது ஸ்கோப்பை 9இல் வைக்காதீர்கள். 40 மிமீ கண்ணாடியை 9ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.4 மிமீதான், 6இல் வைத்தால் 6.7 மிமீ. படம் சட்டென்று வெளுக்கும். கடைக்காரர் காட்டிய செட்டில் வரும் ஸ்கோப்புகளில் குறை எங்கே என்றால், டயலில் ஒரு கிளிக் திருப்பினால் குறுக்குக்கோடு நகராமல் அடுத்த குண்டில் திடீரென்று குதிக்கும். அதை வைத்து ஜீரோ செய்யவே (குறுக்குக்கோடு காட்டும் இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்யவே) ஒரு பெட்டி தோட்டா போய்விடும்.

மாட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பேஸ் (துப்பாக்கி மேல் பதியும் தகடு; அதன் மேல் ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் வரும்) ஸ்க்ரூவையும் அதன் ஓட்டையையும் ஆல்கஹாலில் துடைத்து எண்ணெயே இல்லாமல் ஆக்குங்கள். பேஸ் ஸ்க்ரூவுக்கு மட்டும் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. ரிங் ஸ்க்ரூவுக்கு வேண்டாம், வழுக்கி அதிகமாக இறுகி ஸ்கோப் குழாய் நசுங்கும். அங்குல-பவுண்டு டார்க் ரெஞ்ச் ஒன்று 50 டாலர் அளவில் கிடைக்கும். ரிங் மூடிகளுக்கு 15-18 அங்குல-பவுண்டு, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி மாற்றி மாற்றி இறுக்குங்கள். பேஸ் மாட்டியதும் போல்ட்டை மூடித் திறந்து பாருங்கள். முன் ஸ்க்ரூ ஒரு மரை நீளம் அதிகமாக இருந்தால் உள்ளே போல்ட் லக்கைத் தொடும், அல்லது பேஸை இறுக்குவதற்குள் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது.

ரிங்கை இறுக்கும் முன் ஸ்கோப்பை முன்பின் நகர்த்திக் கண் தூரம் பாருங்கள். 9 மடங்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்கு எடுத்து, பிறகு திறக்க வேண்டும். முழுவட்டமும் தெரிய வேண்டும். இதை இருவரும் செய்யுங்கள். அவருக்குச் சரியாக இருக்கும் இடத்தில் உங்களுக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே மூன்றரை அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். குட்டை ஸ்டாக்கில் உயரமானவர்தான் புருவத்தைக் கிழித்துக்கொள்வார்.

---

பெக்கன்_ஓடை

போல்ட்_ஆக்‌ஷன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. லேனோ பக்கம் மானோடு பன்றியும் சுட வேண்டிவரும். .308 எடுங்க. 17 அடி-பவுண்டு என்பது நல்ல ரப்பர் ரீகாயில் பேட் இருந்தால் தாங்க முடியாத உதையில்லை. 220 கெஜத்துக்குள் 6.5க்கும் .308க்கும் பாதையில் வித்தியாசம் ஓர் அங்குலம்கூட வராது. 1952இலிருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா, எந்த விலையிலும் எந்த வகையிலும் கிடைக்கும்.

எது எடுத்தாலும் குண்டு வகை பார்த்து வாங்குங்க. முழு உறையிட்ட எஃப்எம்ஜே பயிற்சிக்கு மட்டும். அது விரியாமல் ஊடுருவிப் போகும், மான் காயத்தோடு ஓடும், தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மேட்ச் (சுடும் போட்டிக்கான) குண்டும் வேட்டைக்கு இல்லை. 6.5இல் மானுக்கு ஃபெடரல் பவர்-ஷோக் 140 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), ஹார்னடி அமெரிக்கன் ஒயிட்டெய்ல் 129 கிரெய்ன் மாதிரி சாதாரண ஈயமுனைக் குண்டே போதும். பன்றியும் கலந்து சுடுவதென்றால் ஃபெடரல் ஃப்யூஷன் 140 மாதிரி உறை கழறாத குண்டு எடுங்க. தோள் எலும்பையும் அதன் மேல் இருக்கும் தடித்த தோல் கவசத்தையும் தாண்டி உள்ளே போகும்.

பன்றியை மான் மாதிரிக் குறி வைக்காதீங்க. மானுக்குத் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் வைப்பது சரி. பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கு. முன்னங்கால் நேர்க்கோட்டில், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்கணும். தோளுக்குப் பின்னால் வைத்தால் குடல்தான் கிழியும்.

---

லேனோ_லீஸ்

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு லைசென்ஸ் நாளையே எடுத்துவிடுகிறோம், அது எனக்குத் தெரியவே தெரியாது. இருவரும் கடையில் தூக்கிப் பார்த்ததில் ரூகர் அமெரிக்கன் 6.5 பக்கம்தான் சாய்கிறோம்.

மூன்று சந்தேகம். பழைய ரெமிங்டன் 700 ஒன்று, .308, 400 டாலருக்குக் கடையில் இருக்கிறது. பார்க்கலாமா? ரூகர் இரண்டாம் தலைமுறையில் பேரல் வாயில் மஸில் பிரேக் வருகிறது, பின்னுதை குறையும் என்கிறார்கள். அதை வைத்துக்கொள்ளலாமா? ஜீரோ செய்யும் முறையை யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா?

---

போல்ட்_ஆக்‌ஷன்

ரெமிங்டன் 700 நல்ல ஆக்‌ஷன். ஆனால் 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான, எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் உள்ள 700களை விரல் படாமலே சுடக்கூடும் என்று நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய ட்ரிகர்கள் மீதும் நீண்ட காலம் வழக்கு நடந்தது. ட்ரிகர் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், வேறு கம்பெனி ட்ரிகருக்கு 130-150 டாலரும் மாட்டும் கூலியும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அப்படிப் பார்த்தால் புது ரூகரே மலிவு.

எந்தப் பழைய துப்பாக்கியானாலும் போல்ட்டைக் கழற்றிப் பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பேரல் வாயின் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் வேண்டாம். அந்த விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் குண்டு வெளியேறும்போது வாயு ஒரு பக்கமாக முந்தி அதைச் சாய்த்துவிடும். தோட்டா அறைக்கு முன்னால் வரிகள் தொடங்கும் இடம் சாம்பல் நிறத்தில், காய்ந்த சேறு வெடித்ததுபோல் இருந்தால் பேரல் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆக்‌ஷன் ஸ்க்ரூத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ சரியான கருவி இல்லாமல் உள்ளே கைவைத்திருக்கிறார்கள். கடைசியாக, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டு, காக் செய்து (சுடும் நிலைக்குக் கொண்டுவந்து) சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். கிளிக் சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மஸில் பிரேக் பின்னுதையைக் குறைக்கும், உண்மை. ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் தள்ளுவதால் பாக்ஸ் பிளைண்டுக்குள் சத்தம் தாங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதிக அடி. ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், காதுக்குள் இயர்பிளக்கும் மேலே இயர்மஃபும் இரண்டும் போடுங்கள். வேட்டைக்கு முன் கழற்றி மரைமூடி போட்டு மறுபடி ஜீரோ பாருங்கள். கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும்.

---

பத்துக்குண்டு

ஜீரோ செய்யும் முறை.

முதலில் பேரலை ஒரு காய்ந்த துணியால் இழுத்துத் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய் உள்ளே இருந்தால் முதல் குண்டு தனியாகப் போகும். 25 கெஜத்தில் அட்டை வையுங்கள். போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மூட்டைகள் மேல் அசையாமல் வைத்து, பேரல் வழியாகக் கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். அது நடுவில் தெரியும்போது துப்பாக்கியைத் தொடாமல் குறுக்குக்கோட்டை அதே வட்டத்துக்குத் திருப்புங்கள். இப்போது முதல் குண்டு அட்டையில் விழும்.

கால் எம்ஓஏ கிளிக் உள்ள ஸ்கோப்பில் 25 கெஜத்தில் ஓர் அங்குலத்துக்கு 16 கிளிக், 100 கெஜத்தில் 4 கிளிக். 25இல் நடுவில் விழும்படி கொண்டுவந்தால் 6.5இல் 100 கெஜத்துக்கு ஏறக்குறைய 2 அங்குலம் மேலே போகும். அதுதான் வேண்டும். 25 கெஜத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே கால் அங்குலத் தவறு 100இல் ஓர் அங்குலம், 200இல் இரண்டு அங்குலம்.

100 கெஜத்தில் துப்பாக்கியின் முன்கட்டையை மேகசினுக்குச் சற்று முன்னால் மூட்டையில் வையுங்கள். பேரல் எதையும் தொடக் கூடாது. பின்னால் சின்ன மூட்டையைக் கையால் பிசைந்து உயரம் சரிசெய்யுங்கள். மூன்று குண்டு சுட்டதும் போல்ட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். இந்த மெல்லிய பேரல்கள் சூடானால் குண்டு இடம் மாறக்கூடும். இடையில் ஆறவிட்டுச் சுட்ட ஒன்பது பத்துக் குண்டுகள் ஒரே அட்டையில் விழட்டும், அவற்றின் நடுவை எடுத்துக் கிளிக் திருப்புங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப்பைத் திருகினால் ஜீரோ ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

குண்டுகளின் நடு 100இல் 2 அங்குலம் மேலே இருந்தால் 200 கெஜத்தில் சரியாக விழும், 220இல் ஓர் அங்குலம்போலக் கீழே. உங்கள் ஃபீடருக்கும் ஓடைக்கும் ஒரே குறிதான், எங்கும் உயர்த்திப் பிடிக்க வேண்டாம். முடிந்தால் 200 கெஜ ரேஞ்சில் ஒருமுறை நேரில் பாருங்கள்.

தோட்டாவை மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு இப்படிச் சுட்டுப் பாருங்கள். அரை அங்குல வித்தியாசம் இருந்தாலும் பெரிதுபடுத்தாதீர்கள். ஒரு வகை மூன்று அங்குலம், இன்னொன்று ஒன்றரை அங்குலம் என்று வந்தால் மட்டும் அது பேரலின் விருப்பம். பிடித்த வகையில் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுப்பு) எண் உள்ள ஐந்து பெட்டி வாங்கிப் போடுங்கள்.

சரியாக வரவில்லையென்றால் துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் அட்டையைப் பாருங்கள். இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால் பேஸோ ஆக்‌ஷன் ஸ்க்ரூவோ தளர்ந்திருக்கிறது. அவற்றைத் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும், நெட்டில் பார்த்த எண்ணை வைக்காதீர்கள். மேலிருந்து கீழாக வரிசை கட்டினால் பேரல் சூடு, அல்லது முன்கட்டை தொடுகிறது. ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள், மூட்டையில் அழுத்திப் பிடித்தபடியும் ஒருமுறை. பக்கவாட்டில் பரவினால் பெரும்பாலும் ட்ரிகர் விரலும் கன்னமும்தான்.

வீட்டில் ட்ரிகர் பழகலாம். தோட்டா வேறு அறையில் இருக்கட்டும், அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டுச் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து இழுங்கள். கிளிக் ஆகும்போது குறுக்குக்கோடு புள்ளியை விட்டு நகரக் கூடாது. உங்கள் .22ஐ இதற்குக் காலியாக இழுக்காதீர்கள், இதுபோன்ற பல ரிம்ஃபயர்களில் (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) ஊசி அறை விளிம்பில் அடித்துக் கெடுக்கும்.

எல்லாம் முடிந்தபின் மேசையை விட்டு எழுந்து, பிளைண்டில் உட்காரப்போகும் அதே நாற்காலி, ஜன்னல் உயரத்தில் ஒரு மூட்டை, 8 அங்குலப் பேப்பர் தட்டு. 100 கெஜத்தில் பத்துக்குப் பத்து தட்டுக்குள் போடும்வரை 220 பற்றி யோசிக்க வேண்டாம். இருவரும் தனித்தனியாகச் சுடுங்கள். உங்களுக்கு 200, அவருக்கு 120 என்று வந்தால் அவர் உட்காரும் அன்றைக்கு எல்லை 120தான்.

---

பெக்கன்_ஓடை

ஒரு சின்னச் சேர்க்கை. ஜீரோ ஆனபின் டயல் மூடியைப் போடும் முன் ரிங்குக்கு ஒட்டி ஸ்கோப் குழாயில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வையுங்க, பேஸ் ஸ்க்ரூத் தலையிலும் ஒன்று. லேனோ பண்ணைப் பாதைகளில் பிக்கப்பில் குலுங்கிப் போனபின் கோடு நேராக இருக்கான்னு பார்த்தால் போதும், ஸ்கோப் நகர்ந்திருந்தால் மான் வருவதற்கு முன்னாலேயே தெரிஞ்சுடும். லீஸுக்குப் போன முதல் நாள் பண்ணைக்காரரிடம் கேட்டு 100 கெஜத்தில் ஒரு குண்டு, குளிர்ந்த பேரலில், அட்டையில் சுட்டுப் பாருங்க. அதே இடத்தில் விழுந்தால் சரி.